அனைவரையும் கேட்டால்தான் அமைதி நிலைக்கும்

பகைத்த இருவர் கைகுலுக்கிவிட்டால் சமாதானம் வந்துவிட்டதென எண்ணுகிறோம். பூசலால் துன்புறுவோர் அவ்விருவர் மட்டுமல்லர். ஏனையோரைக் கேளாமல் செய்யும் முடிவு நிலைப்பது அரிது. இதற்குச் சாபாவுக்கு அப்பால் கடல் கடந்திருக்கும் தென் பிலிப்பீன்ஸின் மிண்டனாவோ தீவு தக்க சான்றாகும்.

அங்கு மோரோ எனப்படும் முஸ்லிம் மக்களின் இயக்கங்களுக்கும் அரசாங்கத்திற்கும் 1970களில் போர் மூண்டது. நாற்பதாண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகிறது. மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் அரசாங்கமும் பேச, 2001 முதல் மலேசியா நடுநின்று உதவியது.

2008இல் நிலப்பகுதி குறித்து ஓர் உடன்பாடு உருவாயிற்று. ஆகஸ்டு 5ஆம் நாள் மலேசியாவில் கையெழுத்திட ஏற்பாடாகியிருந்தது. ஆனால், அப்பகுதியில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடியேறிகளையும் லூமாட் எனப்படும் பழங்குடியினரையும் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் முதல் நாளே தடை விதித்தது. அக்டோபரில் உடன்பாடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. மக்களைக் கலந்தாலோசியாமை அதற்கொரு காரணம். மீண்டும் சண்டை வெடித்தது. பல இலட்சம் மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர்.

அதன்பின் வழி மாறியது. பல சமூகத்தாரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. பொது அமைப்புகளும் அமைதிப் பணியில் சேர்க்கப்பட்டன. அரசாங்கக் குழுவின் தலைமைப் பொறுப்பைப் பேராசிரியர் மிரியம் கொரோனல் ஃபெரர் என்னும் பெண்மணி ஏற்றார். 2014 மார்ச் 27ஆம் நாள் மணிலாவில் முழுமையான உடன்பாடு கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு மமாசபானோவில் நடந்த மோதலில் 44 காவற்படையினர் மாண்டனர். நாடு கொதித்தது, சட்டம் தாமதமாயிற்று, ஆயினும் உடன்பாடு முறியவில்லை. 2018இல் நிறைவேறிய சட்டம், பழங்குடியினர், குடியேறிகள், பெண்கள், இளைஞர் ஆகியோருக்குச் சட்டமன்றத்தில் இடம் ஒதுக்கியது. 2019இல் மக்கள் வாக்களித்து அதனை ஏற்றனர். தேர்தல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒத்திவைக்கப்பட்டது உண்மையே. அமைதிப் பணி ஒரு நாளில் முடிவதன்று.

இப்பாடம் தோட்டத்திற்கும் பொருந்தும். குழாயடியில் தகராறு எழுகிறதென்று கொள்வோம். ஆடவர் நால்வர் கூடி, காலையில் மட்டும் நீர் விடலாமென்று முடிவு செய்கின்றனர். பால்மரம் வெட்டச் சென்ற பெண்கள் நண்பகலில் திரும்பும்போது குழாய் வறண்டிருக்கிறது. பூசல் மறுநாளே தொடங்கும்.

ஆதலின், சமரசம் பேசுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. இம்முடிவால் யார் யார் பாதிக்கப்படுவர்?
2. பெண்கள், இளைஞர், அடுத்த லயத்து வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகியோரில் யார் இக்கூட்டத்தில் இல்லை?
3. மீண்டும் மனவருத்தம் எழுந்தால் யாரிடம் முறையிடுவது?

பேச அழைக்கப்பட்டவரே முடிவைக் காக்கவும் முன்வருவர்.