தோட்டப் பாடசாலையும் பால ஒழுக்கமும்

ஆசிரியர்காள்,

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களிலே சிறுவரைக் கண்டோர், "இவர் மிக்க அடக்கமுடையர்" என்று மெச்சுதல் வழக்கு. அவ்வடக்கம் யாது? துரையின் வண்டி வரக் கண்டு வழிவிட்டொதுங்கிய பாட்டனார் காலத்து அச்சமே அதிற் பெரும்பங்கு. அச்சம் வேறு, மரியாதை வேறு.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் துரைமார்மேல் வைத்தது. 1977 முதல் அரசு அப்பாடசாலைகளைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. ஆள்வோர் மாறினர், பிள்ளையை "டேய்" என்று விளிக்கும் வழக்கமோ சில வகுப்பறைகளில் இன்னும் நீங்கவில்லை. அவ்வாறு விளிக்கப்படும் பிள்ளை நம்முன் கைகட்டி நிற்கும். பீலிக்கரையிலே தன்னினும் சிறிய பிள்ளையின் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைக்கும். வலியார்முன் பணிதலையும் மெலியாரை அடர்த்தலையுமே அது நம்மிடத்துக் கற்றது. நாவலரவர்களின் பாலபாடத்தை ஒப்புவிக்கச் செய்துவிட்டோம் என்று அமைதல் இதற்குப் போதாது.

முதலாம் வகுப்பிலே பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க. அது தடுமாறிப் பேசினும் முடியுமளவும் செவிகொடுக்க. குடிநீர்க் குழாயடியில் வரிசை நிறுத்தி, ஆசிரியரும் தம் முறை வருமளவும் அதிலே நிற்க. (இது சிலர்க்கு மானக்குறைவாகத் தோன்றும், தோன்றுக.) கொழுந்துக் கறை படிந்த கையோடு வரும் தாயை, "அம்மா, இருங்கள்" என்று பிள்ளை காண நாற்காலி தந்து இருத்துக.

மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு, "குட் மோர்ணிங், சேர்" என்று எழுந்து சொல்லுதல் முதலிற் கற்பிக்கப்பட்டது. அது தீதன்று. ஆயினும், வாயில் கூட்டிய முதியவருக்கு அவ்வணக்கம் ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை. நம் பிள்ளைகள் காலையில் முதல் வணக்கத்தை அத்தகையோருக்கே சொல்லட்டும்.