பழைய பிக்கப்புக்குப் புது டயர்: ரிம்மிலிருந்து தொடங்குங்கள்

பழைய அமெரிக்க பிக்கப்பைச் சீர்செய்பவர்களில் பலர் முதலில் டயரைத்தான் தேடுகிறார்கள். வெள்ளைப் பட்டை வேண்டுமா, அகலம் எவ்வளவு என்று ஆராய்ந்து வாங்கிவிட்டு, வண்டியில் கிடக்கும் ரிம்மிலேயே மாட்டிவிடுகிறார்கள். இந்த வரிசை தவறு. எந்த டயர் பொருந்தும், எவ்வளவு காற்று தாங்கும், டியூப் வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது ரிம். முதலில் ரிம், பிறகுதான் டயர்.

எடுத்துக்காட்டாக, 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே 3100 அரை டன் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். ஆறு போல்ட் வைத்த 16 அங்குல எஃகு வீல், 6.00-16 அளவு டயர், உள்ளே டியூப். டயர், நம் பட்டறைகளில் நைலான் டயர் என்று சொல்கிறார்களே, அந்தக் குறுக்கிழை வகை.

தொடவே கூடாத இரண்டு

அரை டன்னைவிடப் பெரிய பழைய வண்டிகள் சிலவற்றில் 16.5 அங்குல ரிம் இருக்கும். 16 அங்குல டயர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே போய்விடும். ஆனால் ஒருபோதும் சரியாக உட்காராது. உட்காரட்டும் என்று காற்றை ஏற்றிக்கொண்டே போனால், டயர் ஓரத்துக் கம்பி அறுந்து வெடிக்கும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. ரிம்மில் பொறித்த அளவைப் படிக்காமல் டயரை ஏற்றவே கூடாது.

இரண்டாவது, ஃபயர்ஸ்டோன் ஆர்எச்5 என்ற இரண்டு துண்டு ரிம். இரு பாதிகளும் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்பதை வெளியிலிருந்து கண்டறிய முடியாது. இது வண்டியில் இருந்தால் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். லாக் ரிங் வைத்த மற்ற பல துண்டு ரிம்கள் வேறு வகை. அவற்றையும் இரும்புக் கூண்டு வைத்திருக்கிற, அந்த வேலை தெரிந்த பட்டறையில் மட்டுமே கழற்றி மாட்ட வேண்டும்.

ரிம்: மூன்று வழிகள்

*பழைய ரிம்மையே வைத்துக்கொள்வது.* தோற்றம் மாறாது. ஆனால் ரிவெட் அடித்த ரிம்மில் காற்று கசியும் என்பதால் டியூப் கட்டாயம். பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டுப் பாருங்கள்: போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல், நீள்வட்டமாகத் தேய்ந்த துளை, டயர் உட்காரும் இடத்தில் ஆழமான துரு, ரிவெட்டில் ஆட்டம். ஒன்று தென்பட்டாலும் அந்த ரிம் வேண்டாம். வெல்டிங் வைத்துச் சமாளிக்கும் பொருள் அல்ல இது.

*புதிய எஃகு வீல்.* பெரும்பாலானோருக்கு என் பரிந்துரை இதுதான். 5.5 அங்குல வட்டத்தில் ஆறு துளைகள், 15 அங்குல விட்டம், சுமார் 6 அங்குல அகலம் என்று கேளுங்கள். புதிய ரிம்களின் உட்புறம் சிறு மேடு இருக்கும். காற்று இறங்கினாலும் டயர் ரிம்மைவிட்டு எளிதில் நழுவாது. பழைய வட்ட மூடியைப் பொருத்தக்கூடிய வீலும் கிடைப்பதால் அழகையும் இழக்க வேண்டியதில்லை.

*அகலமான அலாய் வீல்.* பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் வீல் வெளியே தள்ளி நிற்க நிற்க, முன் பேரிங்குக்கும் கிங்பின்னுக்கும் சுமை கூடும். மேலே சொன்ன ஷெவர்லே 3100இன் முன் வீல்களில் இருப்பது பழைய பால் பேரிங். வீல் உட்காரும் ஆழம் பழையதையே ஒட்டி இருக்கட்டும். நட்டின் வடிவமும் புதிய வீலின் துளைக்குப் பொருந்த வேண்டும்.

டயர்: எது எதற்கு

குறுக்கிழை டயர் அந்தக் காலத் தோற்றத்தைத் தரும். நிற்கும்போது ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பும். ஆனால் சாலையின் பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வண்டியை இழுக்கும். ரேடியல் நேராக ஓடும், ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும், சூடும் குறைவு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நிறுத்தும்போது மட்டும் கை வலிக்கும். பழைய தோற்றம் கொண்ட ரேடியலும் உண்டு. 1958இல் தொடங்கிய, டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவைச் சேர்ந்த கோக்கர் நிறுவனம் இவ்வகை டயர்களை விற்கிறது. விலை அதிகம்.

எதை எடுத்தாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலப்பது ஆபத்து.

அளவைப் பொறுத்தவரை, 235/75ஆர்15 டயரின் உயரம் சுமார் 28.9 அங்குலம், பழைய 6.00-16 உயரத்துக்கு நெருக்கமானது. 215/85ஆர்16 சுமார் 30.4 அங்குலம். அதைப் போட்டால் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். அதோடு, லோடு ரேஞ்ச் ‘இ’ வகை லாரி டயர் 80 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்கும்; 1950களின் ரிம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டயர் தாங்கும் என்பதற்காக ரிம்மும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

சுமையையும் கணக்கிடுங்கள். குறியீட்டெண் 105 என்றால் ஒரு டயருக்கு 925 கிலோ. ஆனால் ‘பி’ என்று தொடங்கும் கார் டயரைப் பிக்கப்பில் போடும்போது அதை 1.1ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 840 கிலோ. காலி வண்டிக்கு அது தாராளம். பின்னால் செங்கல்லோ மரமோ ஏற்றுகிறவர்கள் ‘எல்டி’ எனும் இலகு லாரி டயர் வகையை எடுக்கட்டும்.

வயதைப் பாருங்கள்

பழைய வண்டி குறைவாகவே ஓடும். பட்டன் புதிதாக இருக்கும்போதே ரப்பர் முதிர்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000த்துக்கு முந்தையது, உடனே கழற்றுங்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை, பத்து வருடத்தோடு விடை. ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

முடிவாக

கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் போகும் வண்டி என்றால், சோதித்துத் தேறிய பழைய ரிம்மும் டியூப் வைத்த குறுக்கிழை டயரும் போதும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், புதிய 15 அங்குல எஃகு வீலும் ரேடியலும். சுமை ஏற்றினால், அதே வீலின் சுமைத் திறனை உறுதி செய்துகொண்டு எல்டி ரேடியல். தோற்றம், வேகம், சுமை மூன்றையும் ஒரே டயரில் தேடி ஏமாறாதீர்கள். வண்டி அதிகம் செய்யும் வேலைக்கே முதலிடம் கொடுங்கள். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.