மேஸ்திரி முதல் காண்ட்ராக்டர் வரை: எந்த வேலைக்கு எந்த உரிமம்?

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் ஒருநாள் பகலில் சுற்றிப் பாருங்கள். லாட்ஜ், ஆசிரமம், கல்யாண மண்டபம், வெளியூர்க்காரர் வாங்கிப்போட்ட மனையில் வீடு என்று வழிநெடுக சென்ட்ரிங் பலகைதான். 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. சாலை, கால்வாய், கட்டடம் என்று அரசு வேலையும் கூடிக்கொண்டுதான் போகும். இவ்வளவு வேலை நடக்கும் ஊரில், பத்துப் பதினைந்து ஆண்டு கரண்டி பிடித்த கொத்தனாரிடம், "அண்ணே, நீங்களே காண்ட்ராக்ட் எடுக்கலாமே" என்று கேட்டால், "அதுக்கு லைசென்ஸ் வேணும் தம்பி" என்கிறார். எந்த லைசென்ஸ், எங்கே வாங்குவது, எந்த வேலைக்கு என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. இந்தத் தெளிவின்மையில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழில் முழுவதற்கும் பொதுவான உரிமம் என்று ஒன்று கிடையாது. செங்கல் வைக்க, பூச்சு பூச, கம்பி கட்ட, டைல்ஸ் ஒட்ட, பெயின்ட் அடிக்க யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. தனியார் வீட்டைச் சதுர அடி ரேட்டுக்கு மேஸ்திரி எடுத்துக் கட்டலாம். அரசு குறுக்கே வந்து "நீ யார்?" என்று கேட்பது மூன்று இடங்களில்: மின்சாரம் ஓடும் இடம், வரைபடத்தில் கையெழுத்து விழும் இடம், அரசுப் பணம் செலவாகும் இடம். உங்கள் தொழில் இந்த மூன்றில் எதைத் தொடுகிறதோ அந்தத் தாளை வாங்கினால் போதும்; நிறைய ஆள் வைப்பவர்களுக்கான உரிமம் தனி.

வெளியே இப்படி இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆயிரம் டாலர், அதற்கு மேல் போகும் கட்டட வேலையை எடுக்க மாநில வாரியத்தின் உரிமம் வேண்டும்; அனுபவத்தைக் காட்டித் தேர்வும் எழுத வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல் கட்டட நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம். அங்கே வேலைக்குப் போகும் நம் பையன்கள் இங்கேயே திறன் தேர்வு எழுதி முடித்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வர வேண்டும் என்பதே என் கருத்து. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்தவர்கள்.

மின்சாரம்: விளையாடக் கூடாத இடம்

ஒயரிங் வேலைக்கு உரிமம் கட்டாயம். இது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. 2010 விதிகளிலும் இருந்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 விதிகளிலும் தொடர்கிறது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்கு மட்டும் விலக்கு. புது வீட்டு ஒயரிங், கூடுதல் லோடு, கடைக்கு மூன்று பேஸ் இணைப்பு எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண் முன் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஏணிக்கு நான்கு படி. அடிப்படியில் மின்கம்பியாள் உதவியாளர். அடுத்தது ஒயர்மேன். அதற்கு மேல் மேற்பார்வையாளர். உச்சியில் ஒப்பந்ததாரர் உரிமம். களத்தில் 'இஏ லைசென்ஸ்' என்று சொல்வது அதன் ஒரு வகையைத்தான்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஒயரிங் வேலைக்கு வந்துவிட்ட தம்பிகள் கவனிக்க வேண்டியது முதல் படி. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும்; ஒயரிங்கில் குறைந்தது ஐந்து ஆண்டு செய்முறை அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. நாற்பது வயதிலும் எழுதலாம். அனுபவச் சான்று கொடுக்கப்போவது நீங்கள் வேலை பார்த்த ஒப்பந்ததாரர்தான். வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம் கழித்து அதைக் கேட்டு அலையாதீர்கள். வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் முடித்தவர்கள் ஒயர்மேன் சான்றுக்கும், டிப்ளமோ, பட்டம் படித்தவர்கள் மேற்பார்வையாளர் சான்றுக்கும் முயலலாம். ஒப்பந்ததாரர் உரிமத்துக்குச் சான்று பெற்ற ஆட்களோடு மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற சோதனைக் கருவிகளையும் சொந்தமாகக் காட்ட வேண்டும்.

ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மின் இணைப்புக்கு ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை தேவை. ஒயரிங் செய்தவர் ஒருவர். அந்த வீட்டு வாசலையே மிதிக்காத இன்னொருவர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார். எர்த் கம்பி புதைத்தார்களா, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டினார்களா, எதுவும் அவருக்குத் தெரியாது. ஈரச் சுவரில் கை வைத்த குழந்தைக்கு ஷாக் அடித்தால் விசாரணை அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வரும். லைசென்ஸ் வைத்திருப்பவர்களே, அதை வாடகைக்கு விடாதீர்கள். இல்லாதவர்களே, வாடகைக்கு எடுக்காதீர்கள். தீபத் திருவிழாவுக்குப் போடும் பந்தல், தற்காலிகக் கடை, சீரியல் விளக்கு எல்லாவற்றுக்கும் இது இரண்டு மடங்கு பொருந்தும். அந்தக் கூட்டத்தில் ஒரு கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வரைபடமும் கையெழுத்தும்

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் முதலியோர் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கின்றன. சிவில் படித்த பிள்ளைகள் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தப் பதிவுதான். பட்டம் சுவரில் தொங்குவதால் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடாது.

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் உள்ள வீடு என்றால் உரிமையாளரே இணையத்தில் உறுதிமொழி கொடுத்து உடனே அனுமதி பெறலாம். நல்ல திட்டம். ஆனால் "அதான் அனுமதி வந்துடுச்சே" என்று மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கடைக்கால் தோண்டக் கூடாது. அதிகாரி வந்து பார்க்காத வீட்டில் தரத்துக்குப் பொறுப்பு கட்டுபவருக்குக் கூடத்தான் செய்கிறது.

மலையடிவார வேலைக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வீட்டை மூடி 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். சரிவிலோ ஏரிக்கரையிலோ ஒரு வேலை வந்தால் அட்வான்ஸ் வாங்கும் முன் பட்டா, சர்வே எண், அனுமதி மூன்றையும் கேட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால் அந்த வேலை வேண்டாம். கோயிலைச் சுற்றிய பகுதியில் எத்தனை தளம் வரை கட்டலாம் என்பதையும் வரைபடம் போடும் முன்பே மாநகராட்சியில் எழுத்து மூலம் கேளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்பதாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பிறகே விளம்பரம் செய்யலாம்.

அரசு வேலை

பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர்களை வகுப்பு வகுப்பாகப் பதிகிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு ரூபாய் வரை வேலை எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. முதல் வகுப்பு உச்சம். பொதுப்பணித் துறையில் பதிந்தால் எல்லாத் துறைக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலை, நீர்வளம், ஊரக வளர்ச்சி என்று ஒவ்வொன்றும் தன் விதியைப் பார்க்கும். புதிதாக வருபவர் கீழ் வகுப்பில் சின்ன வேலை எடுத்து, சொன்ன நாளில் முடித்து, முடித்ததற்கான சான்றை வாங்கி வைப்பதுதான் மேலே ஏறும் ஒரே நேர்வழி. சொத்து மதிப்புச் சான்று, பான், ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு, அனுபவச் சான்று ஆகிய தாள்களை ஒரே கோப்பில் சேருங்கள்.

டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கின்றன. அரசின் டெண்டர் இணையதளத்தில் போட மூன்றாம் வகை டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அரசுத் துறை பில் பாஸ் செய்யும்போது தனிநபர் ஒப்பந்ததாரரிடம் 1 சதவீதம் வருமான வரி பிடிக்கும். கணக்கு தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். பலர் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பணம் போவது ஒருபக்கம். மேல் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு வருமானச் சான்றும் இல்லாமல் போகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்டாயம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வேலை கோயில் திருப்பணி. 217 அடி ராஜகோபுரம் நிற்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அருணாசலேசுவரர் கோயிலுக்கு 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. பழங்கோயில்களில் இன்று கைவைக்க அறநிலையத் துறையின் வல்லுநர் குழு ஒப்புதல் வேண்டும். ஸ்தபதி மேற்பார்வை வேண்டும். சிமென்ட் பூச்சு அடித்துப் பழகிய கை அங்கே உதவாது, சுண்ணாம்புக் காரை தெரிந்த கை வேண்டும். அந்தக் கை அருகிவருகிறது. அதனால்தான் அதற்கு மதிப்பும் இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கல்லூரி இருக்கிறது.

ஆள் வைத்து வேலை வாங்கினால்

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேரை வைத்தால் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 50 பேர். உங்கள் ஆள் எண்ணிக்கைக்கு எது பொருந்தும் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் குறைவு என்பதால் வருகைப் பதிவேடும் கூலி ரசீதும் வேண்டாம் என்று ஆகிவிடாது. தகராறு வரும் நாளில் உங்களைக் காப்பது அவைதான்.

கடைசியாக மேஸ்திரிகளிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை யாரும் இணையத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளின் படிப்பு உதவி, பிரசவ உதவி, விபத்து இழப்பீடு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்தப் பணம் கட்டடச் செலவில் 1 சதவீத நல நிதியாக வசூலித்ததுதான். நீங்கள் கட்டும் வீட்டின் உரிமையாளர் பெரும்பாலும் அதை வரைபட அனுமதியின்போதே கட்டியிருப்பார். கொத்தனாரும் கம்பிக்காரரும் பதிந்துவிடுகிறார்கள், காலையில் தூக்குவாளியோடு வந்து மாலைவரை கலவை சுமக்கும் சித்தாள் அக்காக்களின் பெயர்தான் விட்டுப்போகிறது. இந்த வாரக் கூலி கொடுக்கும்போது அவர்களின் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி, நீங்களே பதிவு செய்து கொடுங்கள்.