மூன்று நொடி பொறுத்தால்

வகுப்பறையில் நாம் நாள்தோறும் பலமுறை சொல்லும் சொல் ‘கவனி’. கரும்பலகையைக் கவனி, புத்தகத்தைக் கவனி, நான் சொல்வதைக் கவனி. எழுதக் கற்றுத் தருகிறோம், கூட்டவும் கழிக்கவும் கற்றுத் தருகிறோம். கவனிப்பது எப்படி என்பதை மட்டும் கற்றுத் தருவதில்லை. அது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம்.

கொல்லிமலையில் இதற்கான பாடத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மிளகு பறிக்கும் காலத்தில் எந்தத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியில் நிற்பவர், ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு சரமாகப் பார்ப்பார். ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால் பறிக்கலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மனம் வேறெங்காவது போனால் கால் வழுக்கும். சாமையைப் புடைத்துக் கல் நீக்கும் பாட்டியிடம் இருப்பதும் இதே கவனம்தான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தை ஏற்றி வரும் ஓட்டுநரிடமும் அதுதான் இருக்கிறது. (அந்தப் பேருந்தில் நான் கைப்பேசியைத் தொடுவதில்லை. அது பக்குவத்தால் அல்ல, பார்த்தால் குமட்டும்.)

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று இன்று பயிற்சிகளில் பெரிதாகப் பேசப்படுவதும் ஏறக்குறைய இதுவே. முழுக்கவனம் என்று சொல்லலாம். செய்வதை அறிந்து செய்வது. மனம் விலகினால், விலகியதைத் தெரிந்துகொண்டு, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கொண்டுவருவது. பௌத்தத் தியான மரபிலிருந்து இதை எடுத்து, சமயச் சார்பற்ற 8 வாரப் பயிற்சியாக்கியவர் ஜான் கபாட்-ஜின். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக அவர் அதைத் தொடங்கினார். ஓர் உலர் திராட்சையை முதல்முறை காண்பதுபோலப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்பது அந்தப் பயிற்சியில் பெயர்பெற்ற ஒன்று.

ஆறாம் வகுப்பில் நான் திராட்சைக்குப் பதிலாக ஆளுக்கொரு மிளகைக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து மிளகைப் பார்த்து வரும் பிள்ளைகள், “இதுல என்ன டீச்சர் இருக்கு?” என்றார்கள். இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள், பிறகு முகர்ந்து பாருங்கள், கடைசியில் வாயில் போடுங்கள் என்றேன். முதலில் சிரிப்பு, பிறகு அமைதி. ஒருத்தி, மேலே உள்ள சுருக்கம் தன் ஆயாவின் கைபோல இருக்கிறது என்றாள். ஒருவன், “கடிச்சா நாக்குதான் எரியணும், எனக்குக் காது சூடாகுது” என்றான். புலன் உறுப்புகள் பற்றிய பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. வழக்கமாக மூன்று வரி எழுதுபவர்கள் அன்று ஒரு பக்கம் எழுதினார்கள்.

ஆனால் மாணவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் இத்தகைய பயிற்சிக்கு இடம் இருந்தது. அதே சமயம், பிரிட்டனில் 84 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வந்தன. வழக்கமான பள்ளிச் செயல்பாடுகளைவிட இந்தப் பயிற்சி மாணவர் மனநலத்துக்குக் கூடுதல் பயன் தந்ததாகத் தெரியவில்லை என்றது அந்த ஆய்வு. பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடமோ பணிச்சோர்வு, தொடக்கத்திலாவது, குறைந்திருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. வகுப்பில் முதலில் கவனிக்க வேண்டியவர் ஆசிரியர்தானே?

அதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். கேள்வி கேட்டபின் பொறுத்திருப்பதே போதுமான பயிற்சி. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தது தெரிந்தது. 3 நொடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது விடைகள் நீண்டன. ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன. மெல்லக் கற்பவர்களும் பேசினார்கள். 3 நொடிதானே என்று தோன்றும். முயன்று பாருங்கள். பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும் என்று மனம் பரபரக்கும். அந்தப் பரபரப்பைப் பார்த்துக்கொண்டு, மாணவன் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் மூச்சை ஒருமுறை இழுத்து விடுகிறேன். கணக்கு சரியாக வருகிறது.

வருகைப் பதிவையும் இப்படியே செய்கிறேன். செயலியில் பதிவது பிறகு. முதலில் பெயர் சொல்லி, முகம் பார்த்து, “உள்ளேன் டீச்சர்” என்பதைக் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரனான ஒருவன், உள்ளேன் என்று சொல்லும்போது கண் வாசலில் இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதிய உணவுக்குப் பின் தனியே அழைத்துக் கேட்டேன்: “வாசல்ல யாருப்பா வர்றாங்க?” பதில் இல்லை. பொறுத்தேன். “அம்மா போன் பண்ணா பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கூப்பிடும் டீச்சர்” என்றான். பெற்றோர் கேரளத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். இவன் பாட்டியோடு இருக்கிறான். பாட்டிக்குக் கண் தெரிவது குறைந்துவிட்டதால், அடுத்த மாதம் வந்து இவனையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போனால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

தலைமையாசிரியரும் நானும் அன்று மாலையே பெற்றோரிடம் பேசினோம். அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர், வழி தெரியாதவர்கள். இப்போது அவன் மலையிலேயே அரசு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்குப் பாட்டியிடம் வருகிறான்.

இதை முயல நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. கண்ணை மூடி உட்காரும்படி எந்தக் குழந்தையையும் வற்புறுத்த வேண்டாம். வீட்டில் அடியோ இழப்போ கண்ட குழந்தைக்குக் கண் மூடியதும் அதுவே முன்னால் வந்து நிற்கலாம். திறந்த கண்ணோடு ஓர் இலையையோ மிளகையோ பார்க்கட்டும். அழுதால், நடுங்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு அருகில் இருங்கள். மேலும் உதவி தேவைப்பட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் வகுப்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.