ஜீவனாம்சம்: ஆணைக்குப் பின் மாறும் நிலைமைகள்

மணவிலக்குத் திருமண உறவை முடித்துவைக்கிறது. ஆனால், அவ்வுறவினால் ஏற்பட்ட பொருளாதாரச் சார்பு அன்றே முடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளை இல்லப் பணியிலும் குழந்தை வளர்ப்பிலும் கழித்த ஒரு பெண்ணுக்குச் சொந்த வருவாயோ சேமிப்போ இல்லாதிருக்கலாம். இக்குறையை ஈடு செய்வதற்காகவே சட்டம் ஜீவனாம்சத்திற்கு வகை செய்துள்ளது. எனினும், நீதிமன்றம் ஒரு தொகையை நிர்ணயித்த பின்னரும் விலைவாசி உயர்கிறது. ஊதியம் கூடுகிறது அல்லது குறைகிறது. அந்நிலையில் பழைய ஆணையை மாற்ற இயலுமா? இயலும் என்பதே சட்டத்தின் விடை.

இருவகைச் சட்டங்கள்

நம் நாட்டில் ஜீவனாம்சம் கோர இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அந்தந்தத் திருமணச் சட்டம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு வழக்கு நடைபெறும் காலத்திற்கான இடைக்கால ஜீவனாம்சத்தையும், 25-ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தையும் பற்றியவை. இவற்றின் கீழ்க் கணவன், மனைவி ஆகிய இருவருமே மனுச் செய்யலாம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இவ்வுரிமை மனைவிக்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது வழி, எல்லாச் சமயத்தினருக்கும் பொதுவானது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, மறுமணம் செய்துகொள்ளாத, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மணவிலக்குப் பெற்ற பெண்ணையும் ‘மனைவி’ என்னும் சொல்லில் அடக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இவ்வுரிமை தொடர்கிறது. முஸ்லிம் பெண்களுக்கும் இப்பொது உரிமை உண்டு என 1985-இல் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்திற்குப் பிறகும் அவ்வுரிமை நிலைத்திருப்பதை 2024 ஜூலையில் அந்நீதிமன்றம் உறுதி செய்தது.

தொகை எவ்வாறு முடிவாகிறது?

இதற்கென நிலையான வாய்பாடு எதுவும் இல்லை. இருவரின் வருவாய், சொத்து, வயது, உடல்நலம், திருமண வாழ்வில் நிலவிய வாழ்க்கைத் தரம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவை கருதப்படுகின்றன. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது.

மாற்றத்திற்கு வழி

குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதத்திற்கு 500 ரூபாய் என்று விதித்திருந்த உச்சவரம்பு 2001-இல்தான் நீக்கப்பட்டது. தொகை காலத்தோடு பொருந்தாவிடில் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதற்கு இவ்வரலாறே சான்று. தனிப்பட்டோரின் ஆணைகளுக்கும் இது பொருந்தும். ஆகவே இந்து திருமணச் சட்டத்தின் 25(2)-ஆம் பிரிவும், சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவும், நிலைமை மாறியதை மெய்ப்பித்தால் ஆணையைத் திருத்த நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கின்றன. பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் ஆணையை நீக்கவும் இச்சட்டங்களில் இடமுண்டு.

இத்திருத்தம் இரு தரப்பினருக்கும் பயன்படக்கூடியது. 2017-இல் ஒரு மேல்முறையீட்டில், உயர் நீதிமன்றம் மாதம் 16,000 ரூபாயிலிருந்து 23,000 ரூபாயாக உயர்த்திய தொகையை, கணவர் மறுமணம் செய்து மற்றொரு குழந்தைக்கும் பொறுப்பேற்றிருந்ததைக் கருதி, உச்ச நீதிமன்றம் 20,000 ரூபாயாகக் குறைத்தது. மாறாக, 2025 மே மாதத்தில் மற்றொரு வழக்கில், மாதம் 50,000 ரூபாய் என உயர்த்தியதுடன், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு கூட்டித் தரவும் ஆணையிட்டது. இத்தகைய ஏற்பாடு முதல் ஆணையிலேயே இடம்பெற்றால், விலைவாசி உயரும்போதெல்லாம் நீதிமன்றத்தை நாடும் சிரமம் குறையும்.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

வேலை இழந்த ஒருவர், இனித் தர இயலாது எனத் தாமாகவே தொகையை நிறுத்திவிடுவதாகக் கொள்வோம். அவருடைய இயலாமை உண்மையாகவே இருக்கலாம். ஆனால், நீதிமன்றம் ஆணையைத் திருத்தும் வரை நிலுவை மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும். போதிய காரணமின்றித் தவறினால், தொகையை வசூலிக்க வாரண்டு பிறப்பிக்கவும், அதன் பின்னும் செலுத்தாவிடில் சிறையிலிடவும் சட்டம் இடம் தருகிறது. எனவே, வருவாய் குறைந்தவுடன் சான்றுகளுடன் மனுச் செய்வதே முறை.

பெறுபவரும் வாளாவிருத்தல் கூடாது. சன்ஹிதாவின் கீழ் நிலுவைக்கு வாரண்டு கோரும் மனுவை, தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டிற்குள் அளிக்க வேண்டும். மேலும், எதிர்கால உரிமைகளைக் கைவிட்டு மொத்தத் தொகை பெற்றுக்கொண்ட பின்னர், கூடுதலாகக் கேட்பது எளிதன்று. அத்தகைய உடன்பாட்டில் கையெழுத்திடுமுன் வருங்காலத் தேவையைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

வழக்கறிஞருக்குத் தரப் பணமில்லை என்பதால் எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரக் குழுக்கள் சட்டத்தின்படி, வருவாய் வரம்பின்றி எல்லாப் பெண்களும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இவ்வுதவியை அளிக்கிறது. இச்செய்தியை உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பது, மக்களோடு நேரில் பழகும் அலுவலர்களின் கடமையாகும்.