சாய்ந்து விழும் தலைக்காக

அன்புள்ள தங்கைக்கு,

உன் முதல் சைக்கிள் ஹெல்மெட்டின் வரைபடம் வந்து சேர்ந்தது. வடிவம் அழகாக இருக்கிறது. ஓரத்தில் "சோதனையில் தேறிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். தேறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு நீ நின்றுவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

ஐரோப்பாவின் இஎன் 1078 விதி என்ன கேட்கிறது? ஹெல்மெட் மாட்டிய தலை மாதிரியை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான எஃகின் மேல் விழவிடுவார்கள். தலைக்கு நேரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. 1999இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியில் உயரம் இரண்டு மீட்டர், வரம்பு 300 மடங்கு. இரண்டிலும் தலை செங்குத்தாகத்தான் இறங்குகிறது. சாலையில் விழுகிறவர் அப்படி விழுவதில்லை. அவர் உடல் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தலை சாய்வாக வந்து மோதும், தார்ச்சாலை ஹெல்மெட்டைப் பற்றி இழுக்கும், தலை வெடுக்கென்று திரும்பும்.

அந்தத் திருப்பத்துக்குத்தான் நீ பயப்பட வேண்டும். மூளையை அமுக்கிச் சிறிதாக்குவது கடினம். அதன் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று நழுவச் செய்வதோ மிக எளிது. தண்ணீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பிப் பார், குடம் திரும்பிவிடும், தண்ணீர் பின்தங்கி நிற்கும். மண்டையோடு திரும்பி மூளை பின்தங்கும்போது இரண்டுக்கும் இடையே ஓடும் சிரைகள் கிழிகின்றன, உள்ளே நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, திருப்பத்தின் இந்தக் கேட்டை 1943இலேயே எழுதிவிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த அந்த அமெரிக்க விதியில் திருப்பத்தை அளக்கும் பேச்சே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

வழி பிறந்தது ஸ்டாக்ஹோமில். ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற மூளை அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற பொறியாளரும் 1990களின் நடுவில் சேர்ந்து தொடங்கிய ஆய்விலிருந்துதான் மிப்ஸ் வந்தது. தலைக்கும் நுரைக்கும் நடுவே ஒரு மெல்லிய வழுக்கு அடுக்கு. மோதும் கணத்தில் ஹெல்மெட் தலையின் மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவ இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வழுக்கு அடுக்கை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதே. மனிதத் தலையில் முடி இருக்கிறது, தலைத்தோலும் தானாகவே கொஞ்சம் நழுவும். சோதனைக்கூடத்துத் தலை மாதிரியின் ரப்பர்த் தோல் அதைவிட அதிகமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே கிடைக்கும் பலன் முழுவதும் சாலையில் கிடைக்குமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சாய்தளச் சோதனை செய்யும்போது மாதிரித் தலையின் உராய்வை மாற்றி மாற்றிப் பார். விர்ஜீனியா டெக் ஆய்வகம் 2018 முதல் சாய்தளத்தில் மோதவிட்டு ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுத்துவருகிறது. அவர்கள் முறையைப் படி, நட்சத்திரத்துக்காக மட்டும் வடிவமைக்காதே.

இனி நுரை. டிவி பெட்டிக்குள் வைத்து வருகிற அதே தெர்மோகோல் வகைதான், அடர்த்தி கூடுதல். அது நசுங்கும் தூரம்தான் உன் முழு முதலீடு. விழும் உயரத்தை நசுங்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி முடுக்கம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டரிலிருந்து விழுந்து 20 மில்லிமீட்டர் நசுங்கினால் 75 மடங்கு. 10 மில்லிமீட்டர்தான் நசுங்கியது என்றால் 150. உச்சம் இதைவிட மேலே போகும். உன் வரைபடத்தில் காற்றுத் துளைகள் பெரியவை. வெயிலில் ஓட்டுகிறவருக்குத் துளை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் துளை பெருகப் பெருக, மிஞ்சிய நுரையை நீ கெட்டியாக்கித்தான் சோதனையில் தேற முடியும். கெட்டியான நுரை, வேகம் குறைந்த விழுதலில் நசுங்காமலே நிற்கும். அடி அப்படியே தலைக்குப் போகும். சராசரி ஓட்டுநர் விழுவது பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் என்பதை மறக்காதே. துளைகளைக் குறை, அல்லது நுரையை இரண்டு அடர்த்திகளில் அடுக்கு. கூடுதல் செலவைப் பற்றி நிர்வாகத்தோடு சண்டை வரும். அந்தச் சண்டையைப் போடு.

பின்பக்கம் நீட்டியிருக்கும் வாலை எடுத்துவிடு. தரையில் மாட்டிக்கொள்ளும் எதுவும் தலையைத் திருப்பும். மேலோடு உருண்டையாக, வழவழப்பாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளைத் தேடி வாங்கு; கடைக்காரர்களிடமும் சைக்கிள் சங்கங்களிடமும் சொல்லி வை. அறுத்துப் பார்த்து, நுரை எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அள. நெற்றிப்பொட்டை ஒட்டிய விளிம்பில் அடையாளங்கள் நிறையத் தென்படும். சோதனையில் மோதவிடும் பகுதியின் கீழ் எல்லையான சோதனைக்கோடு பல சமயம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. உன் வரைபடத்தில் அந்த இடத்தில் நுரை மிக மெல்லியதாக இருக்கிறது. திருத்திய வரைபடத்தை அனுப்பும்போது அங்குள்ள தடிமனை மில்லிமீட்டரில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்