மழைக்கு முன் மரத்தடியைத் திறந்துவிடுங்கள்

புரட்டாசி பாதி ஓடிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அதற்கடுத்த மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். சென்னை முதல் கடலூர் வரை கடலோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கையில் இருப்பது இன்னும் மூன்று வாரம். செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பாலானவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிகிறவை. ஒன்றுதான் உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு முன் சில்லறை வேலைகளைப் பார்த்துவிடலாம்.

புல்தரை. யூரியா போடுவதை இப்போதே நிறுத்த வேண்டும். கனமழைக்கு முன் போட்ட யூரியாவில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகும். மீதி புல்லை மெத்தென்று வளர்த்துப் பூஞ்சைக்கு இரையாக்கும். வெட்டும்போது வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாக விட வேண்டும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. கோரை தெரிந்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே கிள்ளினால் நாலு மடங்காக வரும். வேளச்சேரி போன்ற களிமண் பகுதிகளில் ஃபோர்க்கால் நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, சலித்த மணலும் மக்கிய எருவும் கலந்து தூவிவிட்டால் தண்ணீர் தேங்காது. திருவான்மியூர் போன்ற மணல்பாங்கான இடங்களுக்கு எரு மட்டும் போதும். மழை தொடங்கியபின் ஈரப் புல்லில் மின்சார வெட்டும் இயந்திரத்தை எடுக்கவே கூடாது.

தண்ணீர்ப் போக்கு. தரையின் சரிவு வீட்டுச் சுவரை விட்டு வெளியே போகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அந்தக் குழி வண்டல் அடைத்துக் கிடக்கிறது. மேல் அடுக்கை வாரி எடுத்து, ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுவது நல்லது. வைத்தே தீர வேண்டுமானால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்: டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். பப்பாளியின் அடியில் மண் அணைத்து மேடாக்கவும். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அடி அழுகிவிடும். முருங்கையைக் கவாத்து செய்யவும். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கவும். பச்சை மட்டையைத் தொட வேண்டாம். குருத்து அழுகலைத் தடுக்க 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கவும். ஆப்பிரிக்க நத்தை தென்பட்டால் இருட்டியபின் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடவும்; செடி மேல் உப்பைத் தூவினால் செடிதான் சாகும்.

இனி முக்கியமான விஷயம்.

தீபாவளி நெருங்கினால் வீடுகளில் வெள்ளையடிப்பு, பெயின்ட், கூடவே வாசலுக்கு பேவர் பிளாக். மேஸ்திரி வருவார். “மண்ணா கெடக்கு, மழை பேஞ்சா சேறாகும், சுத்தமா மூடிடலாம் சார்” என்பார். வேப்பமரத்தைச் சுற்றி, பட்டையைத் தொடும் அளவுக்குச் சிமென்ட் பூசுவார். அடிமரத்துக்கும் சிமென்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் இருக்காது. வாசல் பளிச்சென்று இருக்கும். மரம் சாகத் தொடங்கியிருக்கும், மேலே ஒரு இலைகூட வாடாமல்.

மரத்தடியில் சிமென்ட் போடாதீர்கள். பேவர் பிளாக்கும் போடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் சொல்லும் சேதிதான் இது. ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்கு முந்தைய வாரம் புதுச் சிமென்ட் காய்ந்துகொண்டிருக்கிறது.

காரணம் புரியாதவர்களுக்காக இன்னொரு முறை. மரத்தை ஊட்டும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் இருக்கின்றன. கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மேலே மூடினால் அந்த வேர்கள் மூச்சு முட்டி அழுகும். சிமென்ட் போட்ட மறு ஆண்டே மரம் விழுந்துவிடாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. நாலைந்து ஆண்டு கழித்து, மண் ஊறிய ஒரு நாளில், பிடிமானம் இல்லாத மரத்தைக் காற்று அப்படியே சாய்க்கும். கீழே கார் இருக்கலாம். ஆட்டோவில் குழந்தைகள் இருக்கலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. முதலில் ஒரு திசையிலிருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்து சற்றே ஓய்ந்தபின், எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. முதல் சுற்றில் ஆட்டம் கண்டவை இரண்டாவது சுற்றில் விழுந்தன. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் போயின. குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் அதிகம் விழுந்தன. வேம்பு, புங்கை, பூவரசு ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆனால் சுற்றிலும் அடைத்துவிட்டால் வேம்புக்கும் அந்தப் பலம் இருக்காது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் டெல்டாவின் திறந்த தோப்புகளில் நின்ற தென்னைகளே லட்சக்கணக்கில் சாய்ந்தன. வேரை அடைத்து வைத்திருக்கும் வீட்டு மரம் எதை நம்பி நிற்கும்?

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. தலைநகர் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது மூன்றே கால் அடி. இடமில்லை என்று சொல்லும் வீடுகளில்தான் இரண்டு கார்கள் நிற்கின்றன.

ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் செய்ய வேண்டியது இது. அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சுற்றிலும் வட்டம் போடவும். சுத்தியல், உளியால் மட்டும் உடைக்கவும். டிரில் இயந்திரம் வைத்தால் வேரும் சேர்ந்து அறுபடும். கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர் எதையும் வெட்ட வேண்டாம். துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மக்கிய எருவும் மண்ணும் நிரப்பவும். அடிமரத்தின் மேல் மண்ணைக் குவிக்கக் கூடாது. சருகை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மரத்தை ஒட்டி ஒரு சாண் விட்டுவிடவும். அழுகிய வேர் இந்த மழைக்குள் திரும்ப வளராது. ஆகவே இந்த ஆண்டு மேலே பாரத்தையும் குறைத்தாக வேண்டும்.

அடர்ந்த தலை புயல் காற்றில் கப்பல் பாயைப் போல வேலை செய்யும். நடுவே காற்று புகுந்து போகும்படி, எல்லாப் பக்கமும் சமமாகக் கிளைகளைக் கழிக்க வேண்டும். மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டை போடுகிறார் என்று அவர் பக்கத்தை மட்டும் வெட்டினால் மரம் மறுபக்கம் சாயும். மொட்டை அடித்தால் அடுத்த ஆண்டு வரும் தளிர்க் கிளைகள் பலமில்லாமல் முறியும். பெரிய கிளையை வெட்டுவதற்கு முறை உண்டு: அடிமரத்திலிருந்து முழங்கை தூரத்தில் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். கிளை விழும்போது பட்டை உரியாது. மிச்சக் கட்டையை, கிளை பிறக்கும் இடத்து மடிப்புக்கு வெளியே வெட்டி எடுக்கலாம். வெட்டுக்காயத்தில் தார் பூச வேண்டாம்.

மின்கம்பியைத் தொடும் கிளைக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அதைத் தொடவே கூடாது. ஈர மட்டையிலும் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைக்க வேண்டும். சென்னையில் தெருவோர மரம் என்றால் மாநகராட்சியின் 1913.

அடிமரத்தில் காளான், தட்டினால் பொள்ளல் சத்தம், புதிதாக ஒரு சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மரம் தெரிந்த ஒருவரை இந்த வாரமே அழைத்துக் காட்ட வேண்டும். அவர் வரும் வரை அதன் கீழே வண்டி நிறுத்தக் கூடாது, ஊஞ்சல் கட்டக் கூடாது. சுற்றுச்சுவருக்கோ குழாய்க்கோ ஒரு பக்க வேரை வெட்டியிருந்தால் அந்தப் பக்கத்துக் காற்றைத் தாங்க மரத்துக்குப் பிடிப்பு இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லவும்.

புயலுக்குப் பின், மணிக்கட்டு அளவே பருத்த இளமரம் சாய்ந்திருந்தால் ஓரிரு நாளில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, கோணிப்பட்டையால் கட்டினால் பிழைக்கும்.

தீபாவளி வேலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இன்றே மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். சிமென்ட் கலப்பதற்கு முன் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்து, அதற்குள் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நிற்கவும்.